இன்னும் இருபது நிமிஷம்

"முதல்ல குழந்தை கையை அவிழ்த்து விடு! நீயெல்லாம் ஒரு தாயா?"

பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே சீறினாள் அத்தை. குழந்தைக்குத்தான் அத்தை, அதன் அப்பாவுக்கு அக்கா. லீவு கிடைக்காமல் இழுத்தடித்து, ஒன்றரை வருடம் கழித்து இன்றுதான் தம்பி மகனை முதன்முதலாக நேரில் பார்க்கிறாள்.

பொடியன் கூடத்துத் தரையில் உட்கார்ந்து தொண்டை வறள அழுதுகொண்டிருந்தான். வலது கையில் விரல் நுனி முதல் முழங்கை வரை துணி சுற்றி, அதன்மேல் மூன்று முடிச்சு. ஓர் அடி தள்ளி ஒரு மஞ்சள் பொம்மைக் கார். பெற்றவளோ எதிரே சம்மணமிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுக்கு முன்னாடி அவிழ்க்கக் கூடாது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தைக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மணி பார்த்துக் கொடுமை பண்றியா? கையில என்ன காயம்? சூடு வெச்சியா?"

"காயமெல்லாம் இல்ல அண்ணி. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்! இருபத்தாறு வருஷமா ரயில்ல டிக்கெட் பரிசோதிக்கிறவ நான். முழிக்கிற முழியிலேயே கள்ளத்தனத்தைக் கண்டுபிடிச்சிடுவேன்."

அது அவள் பெருமை. யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே வெட்டிவிடுவதும் அந்த உத்தியோகம் தந்த பழக்கம்தான்.

"பிரசவத்தன்னிக்கு என் தம்பி போன்ல அழுதது இன்னும் காதுலயே இருக்கு. 'அஞ்சு நிமிஷம் மூச்சே இல்லக்கா, உடம்பெல்லாம் நீலம்'னு கதறினான். மூளைக்கு ஆக்ஸிஜன் போகலை, பொழைக்கிறதே கஷ்டம்னு டாக்டர்கள் கையை விரிச்ச பிள்ளை! அப்படிப் பொழச்சு வந்தவனையா கட்டிப்போட்டு அழவிடுற?"

"அதனாலதான் அண்ணி..."

"அதனாலதானா? நல்லா இருக்குடி நியாயம்!"

"உங்க தம்பியையே கேளுங்க."

"அவன் என்னைக்கு வாயைத் திறந்திருக்கான்? எப்பக் கேட்டாலும் 'பையன் ஜோரா இருக்கான்க்கா'ன்னு ஒரே பாட்டு. போதும். சாயங்கால வண்டியில பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். நான் வளர்த்துக்கறேன்."

இதுவரை பொறுத்திருந்தவள் வெடித்தாள்.

"ஒன்றரை வருஷமா எட்டிப் பார்க்காதவங்க இன்னிக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவீங்களா? என் பிள்ளை அழறதைப் பார்க்க எனக்கென்ன ஆசையா? தினம் ரெண்டு மணி நேரம் இவன் அழறான். முடிஞ்சதும் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழறேன்."

"தினமுமா? ரெண்டு மணி நேரமா? அடிப்பாவி!"

பெட்டியைத் தடாலென்று போட்டுவிட்டு, அத்தை குழந்தையை வாரி மடியில் வைத்து முடிச்சில் கை வைத்தாள். தாய் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க அண்ணி!"

"விடுடி!"

இருவருக்கும் நடுவில் பொடியன் நசுங்கினான். அழுகை சட்டென்று நின்றது. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. அடுத்த நொடி அத்தையின் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை. மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் காருக்குப் பக்கத்தில் விழுந்தது.

"பார்த்தியா! அடிக்கக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கே!"

தாய் அப்படியே மண்டியிட்டிருந்தாள்.

"அண்ணி... எந்தக் கையால அடிச்சான்?"

அத்தை குனிந்து பார்த்தாள். வலது கையில் மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன.

"இடது கைதான். ஏன்?"

"பொறந்ததிலேர்ந்து தூக்கவே தூக்காத கை அண்ணி அது! நல்ல கையைக் கட்டிப்போட்டாத்தான் மூளை இந்தக் கையைத் தேடும்னு டாக்டர் சொல்லி, இன்னியோட நாற்பத்தோரு நாள்."

அத்தை கண்ணாடியைத் தேடவில்லை. மறு கன்னத்தைப் பொடியனுக்கு நேரே நீட்டினாள்.

"இன்னும் நேரம் இருக்குல்ல? போடுடா ராஜா, இன்னொண்ணு!"