ஊற்றுக்கண்ணில் ஒரு வேட்டி

பாவம் தொலைய ஆற்றில் முழுகியவர் விட்டுப்போன வேட்டி, கனவு போல மிதந்து வந்து, நண்டு குடியிருந்த ஊற்றின் வாயை மூடிப் படுத்துக்கொண்டது. உள்ளே நண்டின் குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்தன.

“எழுந்திருய்யா!” என்று சீறியது நண்டு.

“ஒருத்தர் பாவத்தையே சுமந்து வந்திருக்கேன். அலுப்பா இருக்கு.”

“சரி, முழுசா எழுந்திருக்க வேண்டாம். ஒரு முனையை மட்டும் தூக்கு.”

“ஒரு முனைதானே?” என்று வேட்டி சோம்பலாகத் தூக்கியது. அந்த இடுக்கில் குளிர்ந்த ஊற்று குபுகுபுவென்று கிளம்பி, வேட்டியை வெள்ளை மேகமாக உப்பவைத்துக் கரையில் கொண்டுபோய்ப் போட்டது. குஞ்சுகள் குமிழிகளோடு ஆடின.

அப்பாடா என்று நண்டு கண்ணை மடக்கியபோது, படித்துறையில் சளப்பென்று சத்தம். சிவப்புத் துண்டு ஒன்று அசைந்து அசைந்து இறங்கி வந்தது.

“வாய்யா, வா,” என்றது நண்டு, கொடுக்கைத் தீட்டிக்கொண்டு. “உன்கிட்டயும் ஒரு முனைதான் கேட்கப்போறேன்.”