ஒரு நிமிட அறை

செல்வின் இறந்த மூன்றாம் நாள் கபிலன் அந்த வீட்டுக்கு வந்தான். மேடையில் செல்வின் கஞ்சிரா வாசிப்பான்; கபிலன் அதைக் கணினியில் ஏற்றி வேறொரு இசையாக்குவான். அவனுடைய முனைவர் பட்ட ஆய்வும் அந்த வாசிப்பைப் பற்றியதுதான். செல்வின் வீட்டின் இந்த முன்னறையில்தான் எட்டு மாதம் பதிவு செய்திருந்தார்கள். துண்டுகளை ஒட்டும்போது விழும் இடைவெளிகளை நிரப்ப, யாரும் வாசிக்காத இந்த அறையின் ஓசை ஒரு நிமிடத்துக்குத் தேவைப்பட்டது.

மின்விசிறியை நிறுத்தினான். ஃபிரிட்ஜை அணைத்தான். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருக்கணும்."

துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து செல்வினின் படத்தின் முன் தலைகுனிந்தார்கள்.

"இங்க யாருக்கும் இது தோணலையே தம்பி," என்று செல்வினின் அம்மா கைகூப்பினாள்.

அவர்கள் கண்ணை மூடியதும் கபிலன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினான். நாற்பதாவது நொடியில் அம்மா விம்மிவிட்டாள்.

"மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும்," என்றான் கபிலன். "அம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய இருங்க."

அவள் அவனைப் பார்த்தாள், மேஜை மேலிருந்த மைக்கைப் பார்த்தாள். பிறகு வளையல்கள் சத்தமிடாதபடி ஒரு கையால் பற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஹெட்போனில் அவள் நடந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கபிலன் அவளை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.