ஒளி தொட்ட இரண்டு கற்கள்

ஒரு மனிதரின் சிறுநீரகத்தில் இரண்டு கற்கள் குடியிருந்தன. வெள்ளைக்கல் நெல்லிக்காய் அளவு. பழுப்புக்கல் கொண்டைக்கடலை அளவு.

ஒருநாள் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று உள்ளே வந்தது. அதன் நுனியில் லேசர் ஒளி மின்னியது.

“தம்பி, என் பின்னால் ஒளிந்துகொள்! என்னை உடைப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். உன் பக்கமே வராது,” என்றது வெள்ளைக்கல்.

பழுப்புக்கல் ஒளிந்துகொண்டது.

ஒளி எப்போதும் குறைந்த சக்தியில்தான் தொடங்கும். அதற்கே வெள்ளைக்கல் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. “அட, இவ்வளவுதானா நான்?” என்று கேட்டு முடிப்பதற்குள் தூளாகி, உள்ளே பாய்ச்சிய தண்ணீரோடு போய்விட்டது.

‘அண்ணனுக்கே இந்தக் கதி. எனக்கு ஒரு தொடுதல் போதும்’ என்று பழுப்புக்கல் கண்ணை மூடிக்கொண்டது.

ஒளி தொட்டது. மறுபடியும் தொட்டது. ஒரு பொடிகூட உதிரவில்லை.

“யாரப்பா நீ? கடலை மாதிரி இருந்துகொண்டு என்னிடமே விளையாடுகிறாயா?” என்ற ஒளி, சக்தியைக் கூட்டியது. பிறகு இன்னும் கூட்டியது.

பழுப்புக்கல் மெல்லக் கண் திறந்து தன்னையே பார்த்தது. “இது நான்தானா?”

வெகுநேரம் கழித்தே முதல் கீறல் விழுந்தது.

“உன் அண்ணனிடம் உன்னளவு துண்டை உடைக்க ஆன சக்தியைப் போல மூன்று மடங்கு உனக்கு ஆகிவிட்டது,” என்றது ஒளி மரியாதையாக.

“மூன்று மடங்கா!” என்றது பழுப்புக்கல். பிளந்துகொண்டே, “அப்படியானால் நான் அல்லவா முன்னால் நின்றிருக்க வேண்டும்,” என்றது.