வரவேற்புக் குறிப்பு

அவர் கட்டுரையைப் படிக்கவில்லை. எழுதியவர் பெயரைப் பார்த்தார், புதுப் பெயர். எழுத்தைப் பார்த்தார், தமிழ் எழுத்து.

அது போதுமாயிருந்தது.

தடை செய்தார்.

பக்கத்தின் அடியில் காரணம் எழுத இடம் இருந்தது. அங்கே, சௌராஷ்டிர எழுத்தில், வழக்கமான வரியைப் பதித்தார்: 'துவாரகநாத், உன் வேஷம் கலைந்தது.'

திண்டுக்கல்லில் தூறல் விட்டிருந்தது. காபி அன்றைக்கு நன்றாக இருந்தது.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் ஊறியது. கயிற்றை நாரில் திரிப்பதா, சணலில் திரிப்பதா என்று சண்டை மூண்டது. தண்ணீருக்கு வந்தவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள்.

கதையாகச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கும்.

சௌராஷ்டிர மொழிக்கு இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று தொடங்கியவர்கள் அவரும் மதுரைத் துவாரகநாத்தும்தான். மொழிக்கென்று ஓர் எழுத்து இருக்கிறது, அதில்தான் எழுத வேண்டும் என்றார் அவர். அந்த எழுத்தைப் படிக்க யார் மிச்சம், தமிழ் எழுத்தில் எழுதுவோம் என்றார் துவாரகநாத். வாக்கெடுப்பு வைத்தார்கள். துவாரகநாத் பொய்ப் பெயர்களில் வந்து தமக்குத் தாமே வாக்களித்துக்கொண்டார்.

பிடிபட்டார். நிர்வாகம் முழுதும் இவர் கைக்கு வந்தது.

பேச்சு நின்றது.

அவர் தனியாக எழுதினார். சனிக் கோளைப் பற்றி எழுதினார். ஒட்டகத்தைப் பற்றி எழுதினார். எழுதுவோர் பெருகாவிட்டால் இந்த ஆண்டோடு களஞ்சியத்தை மூடிவிடுவோம் என்று எல்லா மொழிக் களஞ்சியங்களையும் நடத்தும் தலைமைக் குழு எச்சரித்த பிறகும், உப்பைப் பற்றியும் நிலநடுக்கத்தைப் பற்றியும் எழுதினார்.

தம் மொழிக்காரர் ஒருவராவது வரமாட்டாரா என்று தினமும் காத்திருந்தார்.

வந்தவரெல்லாம் துவாரகநாத்.

கைபேசி ஒலித்தது. கோவர்த்தன், இருவருக்கும் நண்பர்.

"விஷயம் தெரியுமாங்க? துவாரகநாத் போயிட்டார். முந்தாநாள். எடுத்தும் ஆச்சு. இனிமே களஞ்சியம் பூரா உங்களுக்குத்தான், ஆண்டு அனுபவிங்க."

அவர் திரையைப் பார்த்தார்.

சற்றுமுன் தடை செய்த பக்கம் நேற்று மாலை எழுதப்பட்டிருந்தது.

மகனாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அப்பன் கழற்றிய வேஷத்தை மகன் மாட்டிக்கொண்டிருப்பான். சாவு வீட்டில் உட்கார்ந்து எவன் எழுதுவான் என்ற கேள்வியை மதுரைப் பேருந்தின் இரைச்சலில் போட்டு அமுக்கினார்.

மகாலுக்குப் பின்புறத் தெருவில் அந்த வீடு. மகன் வாசலுக்கு வந்தான்.

"வாங்க அங்கிள்," என்றான், தமிழில்.

"இவனுக்கு நம்ம பேச்சு காதுல ஏறும், வாய்ல வராது. எழுத்து கேக்கவே வேணாம்," என்றார் உள்ளிருந்து துவாரகநாத்தின் மனைவி சுலோசனா. அந்த அம்மாள் பேசியது தங்கள் மொழியில். "உக்காருங்கண்ணா. எத்தனை வருஷமாச்சு நீங்க இந்தப் படியேறி."

அவர் அமர்ந்தார். படத்துக்கு இட்ட மாலை இன்னும் வாடவில்லை.

"தீபாவளிக்கு முந்தியே வலது பக்கம் விழுந்துருச்சுண்ணா. ஒரு எழுத்து தட்ட முடியல. நான்தான் போனைப் பிடிச்சுத் தள்ளித் தள்ளிக் காட்டுவேன்."

தீபாவளிக்குப் பிறகு தடை செய்த பெயர்களை அவர் மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினார். பாதியில் விட்டார்.

"புதுசு புதுசா ஆளுங்க வந்தாங்களே, அதுல அப்படியொரு சந்தோஷம் அவருக்கு. பரமக்குடியிலேருந்து ஒரு பொண்ணு, சேலத்துப் பையன் ஒருத்தன். தமிழ் எழுத்துல இருந்ததால நானே படிச்சுக் காட்டினேன். அந்தப் பொண்ணு ஈசலைப் பத்தி எழுதியிருந்துச்சு. 'ஈசலுக்கு நம்ம சொல்லை நானே மறந்துட்டேன், இந்தக் குட்டி வெச்சிருக்கு பாரு'ன்னு சிரிச்சார்."

அவர் ஈசலைப் பற்றிய பக்கத்தைப் படித்ததில்லை. தடை செய்த எதையும் படித்ததில்லை.

"அப்புறம் ஒருத்தரையும் காணோம். உங்களுக்கு போன் போட்டுக் கேக்கவான்னேன். வேணாம்னுட்டார்."

சுலோசனா அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"ஒவ்வொருத்தர் பக்கத்துக்கு அடியிலயும் நம்ம எழுத்துல ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த எழுத்து தெரியாது. அவரைத்தான் கேப்பேன்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டிருப்பார். அப்புறம் குழறிக் குழறிச் சொல்வார். 'வாங்க, நம்ம வீடுதான்னு வரவேற்பு எழுதியிருக்கான். என்ன சண்டையானாலும் அவன் மரியாதை தெரிஞ்சவன்.' ஒவ்வொரு தடவையும் இதேதான் சொல்வார்."

தெருவில் பந்தல் கம்புகளைப் பிரித்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பழக்க தோஷம், இன்னிக்கும் திறந்துட்டேன். புதுசா ஒண்ணு வந்திருக்கு. படிச்சுச் சொல்ல அவர் இல்லை."

சுலோசனா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுவும் வரவேற்புதானாண்ணா?"

காலையில் எழுதிய வரி. அவர் குனிந்து அதை முழுதாக வாசித்தார். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும், வரியின் தொடக்கத்திலிருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார்.