ஆறு ஜன்னலா, ஏழா?

“மாடியில எத்தனை ஜன்னல் சார்?”

“ஆறு,” என்றார் டெல்மர்.

“ஏழு,” என்றார் அவர் மனைவி ஆர்டிஸ், அதே மூச்சில்.

ப்ரென்ட் நிமிர்ந்து பார்த்தான். அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில், வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லர் விற்கும் அந்தக் கடையில் அவன் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சொந்த வீட்டு ஜன்னலுக்கே சண்டை போடும் தம்பதியை இப்போதுதான் பார்க்கிறான்.

“ஏழாவது எதுக்கு?” என்றார் டெல்மர்.

“படுக்கையை விட்டு எழுந்ததும் ஏரி தெரிய வேணாமா?”

“இத்தனை வருஷம் ஏரியைப் பார்த்துட்டுதான் எழுந்தியா?”

“இல்லையே. அதனாலதான் கேக்கறேன்.”

ப்ரென்ட் ஏழு என்று மனதில் குறித்துக்கொண்டான்.

கடைக்குப் பின்னால், மே மாத வெயிலில் பாய்லர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் புகைபோக்கி வைத்த சின்னக் கொட்டகை போல இருந்தது.

“தப்பா நினைக்காதீங்க மேடம். நெருப்பு இதுக்குள்ள எரியும். தண்ணி சூடாகி, மண்ணுக்கு அடியில குழாய் வழியா உங்க வீட்டுக்கு வரும். பெரிசா வாங்கினா சும்மா புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். சின்னதா வாங்கினா ஜனவரியில பல்லு கிட்டும். அதான் இவ்வளவு கேள்வி. வீடு ரொம்பப் பழசா?”

“எங்க தாத்தா போட்ட கல் அஸ்திவாரம்,” என்றார் டெல்மர், நெஞ்சை நிமிர்த்தி. “ஒரு கல் அசையல, தெரியுமா?”

“அப்போ பழைய ஜன்னல் வழியா குளிர் காத்து உள்ள வருமே?”

“ஒரு கண்ணாடிகூடப் பழசு கிடையாது,” என்றார் ஆர்டிஸ். “கதவிடுக்குல ஊசி முனையளவு காத்து நுழையாது. எங்க வீட்டைப் பத்தி என்ன நினைச்சே?”

பெருமை பிடித்த ஜோடிதான் என்று ப்ரென்ட் எண்ணிக்கொண்டான். ஆனாலும் அவர்களைப் பிடித்திருந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க ரெண்டு பேர்தானே? இதைவிட மலிவா, வீட்டுக்குள்ளேயே வைக்கிற அடுப்பு இருக்கு. கண்ணாடிக் கதவு. நெருப்பைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவு அழகு.”

ஆர்டிஸின் முகம் சட்டென்று இறுகியது.

“வீட்டுக்குள்ள வேணாம்.”

“இல்ல மேடம், புதுசா வந்த மாடல்...”

“வேணாம்னா விடேன்ப்பா.”

“சரி, அப்போ காஸ்?”

இதற்கு டெல்மர் பதில் சொன்னார். “என் சொந்தக் காட்டுல மேப்பிள் மரம் காத்துல விழுந்து கிடக்கு. வெட்டவும் தெரியும், பிளக்கவும் தெரியும். காஸ் லாரி எப்போ வரும்னு நான் ஏன் ஜன்னல்ல நின்னு பார்க்கணும்?”

“ஏழு ஜன்னல் இருக்கே, தாராளமா பார்க்கலாம்,” என்றார் ஆர்டிஸ்.

ப்ரென்ட் வாய்விட்டுச் சிரித்தான். டெல்மரும் சிரித்தார்.

இருவருமாக ஒவ்வொரு பாய்லரையும் திறந்து பார்த்தார்கள். டெல்மர் குனிந்து தகட்டைத் தட்டினார். ஆர்டிஸ் கதவின் தாழ்ப்பாளை நாலு முறை போட்டு, நாலு முறை இழுத்துப் பார்த்தார். கடைசியில் நடுத்தர அளவில், கறுப்பு நிறத்தில் ஒன்று இருவருக்கும் பிடித்துப்போனது.

“இதை வீட்டுலேர்ந்து முப்பது நாப்பது அடியில வெச்சுடலாம்,” என்றான் ப்ரென்ட்.

“நூத்தைம்பது,” என்றார் ஆர்டிஸ்.

“அவ்வளவு தூரம் தேவையில்லை மேடம். குழாய்ச் செலவு வேற. மைனஸ் முப்பதுல, பனியில, தினம் ரெண்டு தடவை விறகு போட நடக்கணுமே?”

“நடக்கறோம்,” என்றார்கள் இருவரும் ஒன்றாக. அன்று அவர்கள் ஒரே குரலில் சொன்ன முதல் பதில் அதுதான்.

ப்ரென்ட் தோளைக் குலுக்கினான். “உங்க இஷ்டம். ஆனா இந்த அளவு சரியா வருமான்னு நான் ஒரு தடவை வீட்டை வந்து பார்த்துடறேன். அறை அறையா அளந்தாதான் உறுதியா சொல்ல முடியும். நாளைக்கு வரட்டுமா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லிடலாமா?” என்றார் டெல்மர் மெதுவாக.

“சொல்லேன். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?”

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “தம்பி, கொஞ்ச நாளா எங்களைப் பார்க்கிறவங்க எல்லாம் தோளைத் தட்டி ‘ஐயோ பாவம்’னுதான் சொல்றாங்க. நீதான் இன்னிக்கு எங்களை வீட்டுக்காரங்களா நினைச்சு, ஜன்னல் எத்தனைன்னு கேட்டே. கேக்கவே நல்லா இருந்துது. அதான் வாயைத் திறக்கல.”

ப்ரென்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நாளைக்கு வேணாம். சனிக்கிழமை வா,” என்றார் ஆர்டிஸ். “ஊரே வருது. சாப்பாடு நிறைய இருக்கும். வரும்போது ஒரு சுத்தியல் எடுத்துட்டு வா.”

“சுத்தியலா? எதுக்கு மேடம்?”

ஆர்டிஸ் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

“அன்னிக்குத்தான் புது வீட்டுக்கு மரச்சுவரே எழுப்பறோம். பிப்ரவரியில, கூடத்து விறகடுப்புலேர்ந்து தீப்பிடிச்சு, அஸ்திவாரத்தைத் தவிர மொத்த வீடும் சாம்பலாப் போச்சுப்பா.”