முன்வரிசைச் சிரிப்பு

"முன்வரிசை வேண்டாம் அண்ணை. பின்னுக்கு எங்கயாவது இருப்பம். ஜெயனி கண்டால் குழம்பிப்போவாள்."

"கண்டால் காணட்டும் அக்னெஸ். மகளின்ர நிகழ்ச்சிக்கு வந்திட்டு ஒளிச்சிருக்கேலாது."

தியாகலிங்கம் முன்வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு சின்ன அரங்கு, சனிக்கிழமை பிற்பகல். மேடையில் ஒலிவாங்கி ஒன்று, முக்காலி ஒன்று. அங்கே தனியாக நின்று பிரெஞ்சில் சனத்தைச் சிரிக்க வைக்கப் போகிறவள் அவருடைய மகள் ஜெயனி. அப்பாவோடு அவள் பேசிப் பன்னிரண்டு வருடமாகிறது.

அக்னெஸ் பக்கத்து வீட்டுக்காரி. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளை மேய்த்தே வருடக்கணக்காகிவிட்டதால் அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அவள் அறிந்தவரை தியாகலிங்கத்துக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். துறைமுகக் களஞ்சியத்தில் தமிழ்ப் பெடியன்களோடு பெட்டி ஏற்றியே காலத்தை ஓட்டிய மனிதருக்கு வேறென்ன வரும்? மொழிபெயர்த்துச் சொல்லத்தான் அவளும் கூடவே வந்திருந்தாள்.

"நிகழ்ச்சி முடிய அவளிட்ட என்ன சொல்லப்போறீங்கள்?"

"மன்னிப்புக் கேக்கப்போறன்."

மொன்றியல் தமிழருக்கு அவர் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். இருபது வருடம் ஒரு மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அவருடையது. அதைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் 'பிரெஞ்சு ராசாத்தி' என்று ஒரு சின்னப் பெட்டை வருவாள். தமிழ் வாயில் நுழையாமல் தடுமாறுவாள். அது ஜெயனிதான் என்று ஊருக்கே தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் அவள் தேவாரத்தை மறந்து, மேடையிலேயே விக்கி விக்கி அழுததை அவர் எழுதினார். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'பிரெஞ்சு ராசாத்தி' என்பதே பெயராகிவிட்டது.

"'இனி என்னை எழுதாதேங்கோ அப்பா' எண்டு என்ர காலைப் பிடிச்சு அழுதவள், அக்னெஸ். அடுத்த மாதம் நான் அதையும் எழுதினன். அதுக்குத்தான் சனம் கூடச் சிரிச்சது."

அக்னெஸ் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவளும் வாசித்துவிட்டுச் சிரித்தவள்தான்.

விளக்குகள் மங்கின. ஜெயனி கையை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். முன்வரிசையில் அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றாள். கை ஒலிவாங்கியை இறுகப் பிடித்தது. பிறகு, அவருக்கு என்ன விளங்கப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டவள்போல் தோளைக் குலுக்கிவிட்டுத் தொடங்கினாள்.

ஒரு நிமிடத்துக்குள் அரங்கு கலகலத்தது. அக்னெஸுக்கு முகம் வெளிறிவிட்டது. ஜெயனி சொன்னதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அப்பா சாப்பாட்டு மேசையில் தான் எழுதியதைத் தானே வாசிப்பாராம். மற்றவர்கள் சிரிக்க முன்னம் தானே சிரிப்பாராம். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை அவள் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"குளிரைப் பற்றிச் சொல்லுறாள் அண்ணை," என்றாள் அக்னெஸ்.

தியாகலிங்கம் தலையாட்டிவிட்டுச் சிரித்தார். சனம் சிரித்த இடமெல்லாம் சிரித்தார். பாவம் மனிதர், தன்னைத்தான் கிழிக்கிறாள் என்று தெரியாமல் கைதட்டுகிறாரே என்று அக்னெஸ் நினைத்தாள்.

கடைசியில் ஜெயனி குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். அரங்கு ஒரு கணம் அடங்கியது. பிறகு அதுவரை இல்லாத சிரிப்பு வெடித்தது. அக்னெஸ் திக்கித் திணறி, "இது... மெட்ரோ பிந்தி வாறதைப் பற்றி," என்றாள். தியாகலிங்கம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெயனி இறங்கி வந்து நாலடி தள்ளி நின்றாள். பிழை செய்துவிட்டுப் பிடிபட்ட பிள்ளையின் முகம்.

"அப்பா... உங்களுக்கு... விளங்கினதா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எனக்கெங்க பிள்ளை விளங்கிறது? சனம் சிரிச்சுது, நானும் சிரிச்சன். நல்லாச் செய்தனி."

ஜெயனி நிம்மதியாக மூச்சு விட்டாள். கிட்ட வந்து, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன் அப்பா."

அக்னெஸ் காத்துக்கொண்டே நின்றாள். அவர் மன்னிப்புக் கேட்கவேயில்லை. மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

"கேக்கத்தானே அண்ணை வந்தனீங்கள்? ஏன் கேக்கேல்லை?"

தியாகலிங்கம் மகள் பிடித்த கையை மற்றக் கையால் பொத்தி வைத்திருந்தார்.

"ரெண்டு வருசமா நூலகத்தில வகுப்புக்குப் போய்ப் படிச்சனான், அக்னெஸ். முதல்முதல் அவளோடதான் பிரெஞ்சில கதைக்கிறதெண்டு இருந்தன், மன்னிப்பைக்கூடப் பிரெஞ்சிலயே பாடமாக்கி வைச்சிருந்தன். அதைச் சொன்னால் மேடையில அவள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினதெண்டு தெரிஞ்சிடும். ஆனால் நீர் மெட்ரோ பிந்தி வாறதெண்டு சொன்னீரே, அந்த இடத்தில அவள் சொன்னது, 'எங்கட அப்பா செத்தால் நான் அழமாட்டன், அழுதால் எழும்பி வந்து அதையும் எழுதிப்போடுவார்' எண்டு."