முன்னால் இருப்பவர்

"படகை ஓட்டுறது முன்னால இருக்கிறவங்களா, பின்னால இருக்கிறவங்களாப்பா?" என்று மகள் சிறுவயதில் கேட்டபோது, "முன்னாலதான், கார் மாதிரி" என்று அடித்துச் சொன்னவர் நம் மேனேஜர்.

இன்று துடுப்புப் படகில் முன்னால் அவர், பின்னால் மனைவி. பாறைகளுக்கிடையே ஆறு சீறிய இடத்தைத் தாண்டியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படி வளைச்சேன், பாத்தியா?"

"நீங்க இல்லேன்னா கவுந்திருப்போம்" என்றாள் மனைவி.

ஆறு அமைதியானது. வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டும் படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. திரும்பிப் பார்த்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள், உள்ளங்கைகளில் கொப்புளங்களோடு.

இவ்வளவு நேரமும் தான் வெறும் பயணி என்பது அவருக்கு உறைத்தது.

படகுக்கு இரு முனையும் ஒன்றுதான். சத்தமில்லாமல் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவள் முன்னால், அவர் பின்னால். அவள்மேல் ஒரு சொட்டும் தெறிக்காமல் கரை சேர்த்தார்.

"ஐயோ, தூங்கிட்டேனே! யாருங்க ஓட்டுனது?"

"வேற யாரு? முன்னால இருக்கிற நீதான்."